அப்பச்சிக்கு வைத்த செக்

போன கோடை விடுமுறையில் எங்கள் பள்ளத்தூர் வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுகிற சடங்கு, நடந்தது. ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிற பங்காளிகள், பெண்மக்கள், பேரன் பேத்திகள் எல்லாரும் இரண்டு நாள் ஒன்றாக இருந்தோம். சாப்பாடு முடிந்து, பெரியவர்கள் பட்டாலையில் துண்டை விரித்துச் சாய்ந்துவிட்ட மதிய நேரம். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பாவிய தரையில் பிள்ளைகள் சதுரங்கப் பலகையை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் வயிற்றுப் பேரன், ஒன்பது வயது, குதிரையைத் தூக்கி வைத்து "செக்!" என்று கத்தினான். தூணில் சாய்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த என் ஆத்தா சட்டென்று தலையைத் தூக்கி, "எந்த பேங்குச் செக்குடா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆத்தா சிரிக்கவில்லை, பேரனும் சிரிக்கவில்லை. அவன் என்னைப் பார்த்து, "ஐயா, ரெண்டுக்கும் ஏன் ஒரே பேரு?" என்றான். நான் யோசிக்காமலே பதில் சொன்னேன். "ஒரே பேரு இல்லடா. கேக்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும். ஸ்பெல்லிங் வேற. அது ஒரு வார்த்தை, இது ஒரு வார்த்தை." அவன் தன் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட சட்டை. "இதைச் செக் ஷர்ட்னு அம்மா சொல்றாங்களே, அது?" அது மூன்றாவது என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டான்.

படைப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அந்தப் பதில் மட்டும் போகவில்லை. முப்பது வருஷம் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ஒரு தொகையைக் கூட்டிப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. அதற்கு நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை. வாயை மூட ஒரு பதிலைச் சொன்னேன். அதைவிட ஆத்தா கேட்டது மனதில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் காய் நகர்த்தி விளையாடுவது அவருக்குத் தெரியாதா என்ன? எண்பத்திரண்டு வயதில், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில், அந்த ஒரு சொல்லுக்கு ஏன் அப்படித் தலை தூக்கினார்? அது எனக்குக் கொஞ்சம் தெரியும். முழுதாகத் தெரியாது என்பது இந்தக் கட்டுரையின் கடைசியில்தான் எனக்கே புரிந்தது.

ஒரு நாளைக்கு எத்தனை செக்

ஒரு நாள் உட்கார்ந்து, காலையிலிருந்து எத்தனை முறை இந்தச் சொல் காதில் விழுகிறது என்று கவனித்தேன். பேப்பரைப் பிரித்ததும் ஒரு கட்சித் தலைவர் இன்னொருவருக்குச் செக் வைத்திருந்தார். காரைக்குடி பஸ்ஸில் செக்கிங் ஏறினார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மதுரைக்கு செக்கப் போகிறாராம், சர்க்கரை கூடிவிட்டதாம். கேஸ் போட வந்த பையன் அடுப்பைச் செக் பண்ணிவிட்டுப் போனான். வங்கியில் செக் புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். துணிக்கடை வாசலில் பெரிய செக் வேண்டுமா சின்னச் செக் வேண்டுமா என்று ஒரு பெண் தன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் எந்தச் செக் என்று கேட்டுக்கொள்ளவில்லை. தமிழ் பேசுகிற நாம் இந்தச் சொல்லை அதன் எல்லாக் கிளையோடும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஒன்றை முதலிலேயே தள்ளி வைத்துவிட வேண்டும். நாம் பேசும்போது காசோலையையும் 'செக்கு' என்றுதான் இழுப்போம். எண்ணெய் ஆட்டுகிற செக்கு அது இல்லை. வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்த செக்கு நம்முடைய பழைய சொல்; இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஓசை ஒன்றாக இருப்பதால் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. 'கேஷ்' என்கிற ஆங்கிலச் சொல் நம் காசிலிருந்துதான் போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் பல வருஷம் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் வருகிறது பிரெஞ்சிலும் இத்தாலியிலும் பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது; லத்தீனில் அதன் வேர் 'காப்ஸா'. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் தென்னிந்தியாவின் சின்ன நாணயத்தைக் கேஷ் என்று எழுதினானே, அதுதான் போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போன நம் காசு. பெருமை பாதிதான் நிலைத்தது. ஆனாலும் மீதிப் பாதி எனக்கு வேறு ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது. பெட்டி என்ற சொல்லே பணம் என்று ஆகிவிட்டது பாருங்கள். நம் ஊர் லேவாதேவிக் கடைகளில் வேலை பழகப் போகிற பிள்ளையைப் பெட்டியடிப் பையன் என்றுதானே சொன்னார்கள். பெட்டியடி என்றால் மரப்பெட்டியின் அடி மட்டும் இல்லை, கடையின் பணம் முழுக்க அதற்குள் அடங்கும். மொழி வேறு, மனுஷப் புத்தி ஒன்று.

ராஜாவின் பெயர்

சரி, செக்குக்கு வருகிறேன். நான் பேரனிடம் மூன்று வார்த்தை என்று சொன்னது தவறு. மூன்றும் ஒரே வார்த்தை. மூன்று மட்டுமில்லை, பஸ் செக்கிங்கும் உடம்புச் செக்கப்பும் சேர்த்து எல்லாம் ஒன்றுதான். அதன் மூலம் ஒரு ராஜா.

பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். ஷாஜகானில் இருக்கிற அதே ஷா. நம் நாட்டில் பிறந்த சதுரங்கம், யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படை, பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. அரபியர் வாயில் 'ஷத்ரஞ்ச்' ஆனது. அங்கே ஆடுகிறவர்கள் எதிராளியின் அரசனைத் தாக்கும்போது "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தக் குரலும் கூடவே போனது. லத்தீனில் மாறி, பழைய பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் செக் ஆனது. செஸ் என்ற ஆட்டத்தின் பெயரும் அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மைதான். ஜெர்மன்காரர்கள் 'ஷாக்' என்கிறார்கள், இத்தாலியர்கள் 'ஸ்காக்கி' என்கிறார்கள். எல்லாம் ராஜாவின் பெயர். ஸ்பானிய மொழியோ ஆட்டத்துக்கு 'அஹெத்ரேஸ்' என்று பெயர் வைத்தது. அது அரபியர் சொன்ன ஷத்ரஞ்ச், அதாவது நம்முடைய சதுரங்கமேதான். பாதி உலகம் ராஜாவின் பேரைப் பிடித்துக்கொண்டபோது ஸ்பெயின்காரன் படையின் பேரைப் பிடித்துக்கொண்டான். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் அங்கே வந்த ஸ்பானியப் பிள்ளைகளை வேறு கண்ணோடு பார்த்திருப்பேன்.

அங்கிருந்து பொருள் எப்படி நகர்ந்தது என்பதைப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் நியாயமாக இருக்கிறது. ராஜாவுக்கு ஆபத்து வந்தால் மற்ற ஆட்டம் எல்லாம் நின்றுபோகும். முதலில் அதைத்தான் தீர்க்க வேண்டும். அதனால் செக் என்றால் திடீரென்று தடுத்து நிறுத்துவது. தடுத்து நிறுத்துவதிலிருந்து கட்டுக்குள் வைப்பது. கட்டுக்குள் வைப்பதிலிருந்து, நிறுத்தி வைத்துச் சரியா தப்பா என்று பார்ப்பது. செக் போஸ்டில் வண்டியை நிறுத்துகிறவர் இந்த வரிசையை அப்படியே ஒரே இடத்தில் செய்து காட்டுகிறார்: முதலில் மறிக்கிறார், அப்புறம் பார்க்கிறார். ஆட்டம் ஆடுகிற பலகையில் கட்டம் கட்டமாக இருந்ததால், கட்டம் போட்ட துணியும் அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டது.

வங்கிச் செக் எப்படி உள்ளே வந்தது? 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பணத்தாளுக்கு ஒரு அடிக்கட்டை இருக்கும். தாளைத் திருத்தி மோசடி பண்ணாமல் தடுக்க, அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் செக் என்று பெயர். தடுக்கிறது, சரிபார்க்கிறது, இரண்டு பொருளும் அதில் இருந்தது. போகப் போக அடிக்கட்டையின் பெயர் தாளுக்கே வந்துவிட்டது. நான் பேரனிடம் பெரிதாகச் சொன்ன அந்த வேறு ஸ்பெல்லிங் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் இன்றைக்கும் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். எழுத்து வேறு என்பதால் சொல் வேறு என்று நான் சொன்னது, இனிஷியல் வேறு என்பதால் இவர்கள் பங்காளிகள் இல்லை என்று சொல்வதைப் போல.

80 சேலை

இப்போது 1986. அப்பச்சி, என் தகப்பனார், காரைக்குடியில் சின்னதாகக் கண்டாங்கிச் சேலை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். ஐந்து தறிக்காரர்களுக்கு நூல் வாங்கிக் கொடுத்து, நெய்ததை எடுத்து விற்பார். அன்றைக்குக் கண்டாங்கிக்கு இப்போதைய மவுசு கிடையாது. புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். 1986-இல் அது வயதான ஆச்சிமார் கட்டுகிற சேலை, அவ்வளவுதான். கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு. அகலக் கரை. இளம்பெண்கள் எல்லாம் வழுக்குகிற நைலக்ஸுக்குப் போய்விட்டிருந்த காலம். அப்படி இருக்கும்போது ஒரு பெரிய நகரத்து ஜவுளிக்கடையிலிருந்து தீபாவளிக்கு 80 சேலை வேண்டும் என்று ஆள் வந்தது. ஒரு சேலை 180 ரூபாய். மொத்தம் 14,400. அப்பச்சியின் வியாபாரத்தில் அதுவரை வந்ததிலேயே பெரிய தொகை அதுதான்.

தறிகள் இரண்டு மாதம் ராப்பகலாக ஓடின. நான் கல்லூரி முதல் வருஷம். சாயங்காலம் அப்பச்சியோடு தறி வீட்டுக்குப் போவேன். அங்கே பார்த்த ஒன்று இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. கண்டாங்கியில் கட்டம் தனியாகப் போடுவதில்லை. பாவில், அதாவது நெடுக்கே ஓடுகிற நூலில், இத்தனை நூல் மஞ்சள், இத்தனை நூல் அரக்கு என்று எண்ணி ஏற்றியிருப்பார்கள். அதே எண்ணிக்கையில் குறுக்கே ஓடுகிற ஊடையிலும் நிறத்தை மாற்றி மாற்றி அடித்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் கட்டம் தானாக விழும். ஆனால் எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது. அடி இறுக்கமாக விழுந்தால் கட்டம் குட்டையாகிவிடும், தளர்ந்தால் நீண்டுவிடும். அதற்காக அந்த மூத்த தறிக்காரர் காதில் ஒரு ஓலைத் துண்டைச் செருகி வைத்திருப்பார். பனை ஓலை நறுக்கு, விரல் நீளம். ஒரு கட்டம் முடிந்ததும் ஓலையை எடுத்து முதலில் குறுக்கே வைப்பார், அப்புறம் நெடுக்கே வைப்பார். இரண்டு பக்கமும் ஓலையின் முனைக்குச் சரியாக வந்தால் திரும்பக் காதுக்குப் போகும். வராவிட்டால் பேசாமல் நாலு இழையைப் பிரிப்பார். ஒரு சேலைக்கு எத்தனை கட்டம் என்று நான் ஒருநாள் எண்ணப் பார்த்து விட்டுவிட்டேன். அத்தனைக்கும் அந்த ஓலை போய் வந்தது.

சேலை போனது. பணத்துக்குச் செக் வந்தது, ஒரு மாதம் தள்ளித் தேதி போட்டு. அப்பச்சி அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்து தேதி வந்ததும் வங்கியில் போட்டார். சில நாளில் அது திரும்பி வந்துவிட்டது. அதோடு ஒரு சின்னச் சீட்டு குத்தியிருந்தது. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அப்பச்சி முகப்பில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சீட்டை என்னிடம் நீட்டி, "இதுல என்னப்பா போட்டிருக்கு? பேங்குல சொன்னாக, வெளங்கல" என்றார். 'ரெஃபர் டு டிராயர்' என்று இருந்தது. மூன்று சொல்லும் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த டிராயர் மேசையில் இழுக்கிற டிராயர்தான். செக்கை எழுதிக் கொடுத்தவருக்கும் அதே பெயர், அவரையே போய்க் கேட்டுக்கொள் என்று அர்த்தம் என்பது அப்போது தெரியாது. அப்பச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிக்கிற பிள்ளை. எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவர் புரிந்துகொண்டு சீட்டை வாங்கி மடித்தார். "சரி விடு" என்றார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு தறி வீட்டுக்குப் போனார். ஒளிக்காமல் சொன்னார். மூத்த தறிக்காரரிடம் சொன்ன வாக்கியம் இது: "நம்ம கட்டத்தை வாங்கிக்கிட்டு எனக்குச் செக்கு வச்சுட்டான்ப்பா." செக் கொடுத்ததைத்தான் செக்கு வைத்தான் என்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பச்சிக்குச் சதுரங்கம் தெரியாது. பேப்பரில் அரசியல் செய்தி படித்துப் படித்துப் பழகிய பேச்சு அது. மடக்கிவிட்டான், நகர முடியாமல் பண்ணிவிட்டான் என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். தறிக்காரர் ஓலையைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்துக்குவோம்ணே" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பணம் வரவே இல்லை. நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆறேழு கடிதம் எழுதினேன். காசோலை திரும்பினால் அது குற்றம், ஜெயில் உண்டு என்கிற 138-ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. 1986-இல் நாங்கள் சிவில் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம், வெளியூரில் வக்கீல் வைத்து. அப்பச்சி போகவில்லை. ஒரு வியாபாரியின் நாணயம் போய்விட்டால் கோர்ட் அதைத் திருப்பித் தருமா என்று ஒரு தடவை சொன்னார். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் வளர்ந்தவர். அவர் தகப்பனார் காலத்தில் ரங்கூனிலிருந்து உண்டியல் எழுதினால் அது ஒரு தாள்தான். அதை இங்கே ஒரு கடையில் காட்டினால் பணம் வரும். ராஜா முத்திரையும் இல்லை, சர்க்கார் முத்திரையும் இல்லை, எழுதினவன் கையெழுத்து மட்டும்தான். 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார். உண்டியலில் பழகிய ஊர், செக்குக்கு மாறுவதில் ஒரு சிரமமும் படவில்லை. தாள் மாறினாலும் எழுதினவன் கையெழுத்து நிற்கும் என்று நம்பின ஊர். அந்த நம்பிக்கையில்தான் அப்பச்சி 80 சேலையை லாரியில் ஏற்றினார்.

மேசை மேல் விரித்த துணி

இந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிக்கொண்டு போனபோது ஒரு இடத்தில் நான் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். வங்கிச் செக்கின் அந்த வேறு ஸ்பெல்லிங் எங்கிருந்து வந்து ஒட்டியது என்று பார்க்கப் போன இடம் அது. எக்ஸ்செக்கர். இங்கிலாந்து அரசனின் கஜானாக் கணக்கு பார்க்கிற சபை. இன்றைக்கும் அந்நாட்டு நிதியமைச்சருக்குச் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்றுதான் பட்டம். அந்தப் பெயர் எப்படி வந்ததென்றால், ஒரு மேசை மேல் விரித்த கட்டம் போட்ட துணியால் வந்தது.

12-ஆம் நூற்றாண்டில் அந்தக் கஜானாவின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வைத்திருக்கிறார். மாணவன் கேட்பான், ஆசிரியர் சொல்வார், அப்படி ஓடுகிற புத்தகம். மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். வைக்கிற காய் கீழே விழாமல் இருக்கச் சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. அதன் மேல் கறுப்புத் துணி, துணி முழுக்கக் கோடுகள். ஒரு வரிசையில் வைத்த காய் ஒரு பென்னி; அதே காயை அடுத்த வரிசையில் வைத்தால் ஷில்லிங்; அதற்கு அடுத்ததில் பவுண்டு; இப்படியே நூறு, ஆயிரம் வரைக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டருக்கும் மிக்கேல்மஸ் திருநாளுக்கும், ஜில்லா ஜில்லாவாக வரி வசூலித்த ஷெரிஃபுகள் வந்து மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும். அவர்கள் கட்ட வேண்டியது ஒரு பக்கம், கட்டியது ஒரு பக்கம் காயாக வைக்கப்படும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் கண்ணால் பார்த்து எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மாணவன் கேட்கிறான்: இதற்கு ஏன் சதுரங்கப் பலகையின் பெயர்? ஆசிரியர் சொல்கிறார்: பலகையின் உருவம் இதற்கும் இருக்கிறது, அங்கே இரண்டு அரசர்கள் மோதுவதைப் போல இங்கே பொருளாளரும் ஷெரிஃபும் மோதுகிறார்கள்.

எண்ணூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை கேட்ட கேள்வி. அதே கேள்வியைத்தான் என் பேரன் கறுப்பு வெள்ளைத் தரையில் உட்கார்ந்து கேட்டான். அந்த ஆசிரியர் மதித்துப் பதில் சொன்னார். நான் சொல்லவில்லை.

என்னை எழுந்து நடக்க வைத்தது அது மட்டுமில்லை. கட்டம் போட்ட துணி அந்த மேசையில் அழகுக்கு விரித்தது இல்லை. அதுதான் கணக்கே. கட்டம் இல்லாவிட்டால் காய்க்கு மதிப்பு இல்லை. துணி, கணக்கு, தடுத்துக் கேட்பது, சரிபார்ப்பது, பணம், எல்லாம் அந்த ஒரு மேசையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு உடனே தறி வீடு ஞாபகம் வந்தது. பாவிலும் ஊடையிலும் எண்ணி எண்ணி விழுந்த கட்டம், அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் போய்வந்த ஓலை. கட்டத்தைச் செக் பண்ணிச் செக் பண்ணி நெய்த துணிக்கு ஒரு செக் வந்தது, அது செக் வைத்துவிட்டது. அப்பச்சி தெரியாமல் சொன்ன அந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லின் வம்சம் முழுக்க இருக்கிறது. நம்ம கட்டத்தை வாங்கிக்கிட்டு எனக்குச் செக்கு வச்சுட்டான். காசோலை என்று தமிழில் பேர் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் காசோடு ஓலையைச் சேர்த்து வைத்திருக்கிறார். காசு பொய்யாகிப் போனது. அந்த ஓலை பொய் சொன்னதே இல்லை.

கைவரவு

அப்பச்சியின் பேரேடுகள் பள்ளத்தூர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. 1986-ஐ எடுத்துப் பார்த்தேன். திரும்பி வந்த தொகைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். திட்டு இல்லை, குறிப்பு இல்லை. ஆனால் அதற்குப் பின் ஒன்பதாவது நாள் ஐந்து தறிக்காரர்களுக்கும் பாக்கி முழுவதும் பற்று எழுதியிருக்கிறது. மொத்தம் 9,200 ரூபாய். ஒவ்வொரு பேருக்கு எதிரிலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, கொடுத்துச் சரிபார்த்ததற்கு. அதற்கு மேலே வரவுப் பக்கத்தில் 'கைவரவு 9,500' என்று இருக்கிறது. யாரிடமிருந்து என்று இல்லை. அப்பச்சி ஒரு ரூபாய்க்கும் பேர் எழுதாமல் விட்டதை அந்தப் புத்தகம் முழுக்க வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. ஐந்தொகை சரியாக வருகிறது. அந்த ஒரு வரி மட்டும் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனுக்கு வீடியோ காலில் பேசினேன். நான் அன்று சொன்னது தப்பு என்று முதலில் சொன்னேன். அப்புறம் ஷாவிலிருந்து ஆரம்பித்து மேசைத் துணி வரைக்கும் சொன்னேன். ஸ்பானிய மொழிப் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். பிறகு அவன் கொள்ளுத்தாத்தாவின் 80 சேலைக் கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அது செக்மேட்டா, செக்கா?" என்றான். என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன், அவன் சொல்லட்டும் என்று. "செக்மேட்னா முடிஞ்சிருச்சு. செக்குன்னா தப்பிச்சுக்கலாம் ஐயா. மூணு வழி இருக்கு. ராஜா நகந்து போயிரலாம். இல்லாட்டி செக் வச்ச காயை வெட்டிரலாம். இல்லாட்டி நடுவுல வேற ஒரு காயை வைக்கலாம். அவுங்க என்ன பண்ணுனாங்க?"

நகரவில்லை. வெட்டவும் இல்லை. மூன்றாவதைப் பற்றி நான் பேரேட்டில் பார்த்த அந்தப் பேரில்லாத வரியை யோசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்த ஆத்தா பேசினார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"நடுவுல என் வளவிய வச்சாக" என்றார். "நாலு வளவி. தறிக்காரவுக வீட்டுல பிள்ளைக பசியோட கெடக்கும்னு ராத்திரி பூரா ஒறங்கல. நாந்தான் கழட்டிக் குடுத்தேன். எழுதிர வேணாம், பிள்ளைக படிச்சுப்புடும்னேன். தை மாசம் ரெண்ட மீட்டாக. ரெண்டு போச்சு."

பேரன் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். "பெரியாயா என்ன சொல்றாங்க?" என்றான். ஆத்தா வலது கையைத் தூக்கி போனுக்கு முன்னால் நீட்டினார். மெலிந்த மணிக்கட்டில் இரண்டு வளவி முழங்கை வரைக்கும் சரிந்து விழுந்தது. அவன் எண்ணினான்.